கல்லைப் பார்க்காத நெரோலின்

நெரோலின் வந்து சேரும்வரை நாகூமின் படகு எதிலும் மோதியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் எல்லோரும் இதைத்தான் முதலில் சொன்னார்கள்.

அதுவரை படகின் அணியத்தில், அதாவது மூக்குப்பக்கத்துப் பலகையில், உட்கார்ந்து வந்தவன் நாகூமின் தம்பி பிட்டு. எங்கள் தீவைச் சுற்றியுள்ள ரொவியானா காயலில் அணியத்தில் ஓர் ஆள் இல்லாமல் யாரும் படகு விடுவதில்லை. பவளக்கல் தண்ணீருக்குள் முழங்கால் ஆழத்தில் சத்தமில்லாமல் நிற்கும். பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பவனுக்குப் பயணிகளின் தலைகளும் கிழங்கு மூட்டைகளும் அவற்றின் சந்துகளில் கொஞ்சம் கடலும்தான் தெரியும். முன்னால் இருப்பவன் கல்லைக் கண்டு, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கையால் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் எஞ்சின் இரைச்சலில் கேட்காது. பிட்டு முண்டா சந்தைக்குப் போகும்போது தூங்குவான். திரும்பும்போது, போகும்போது தூங்கிய களைப்பில் தூங்குவான். அவன் கையை நீட்டினான் என்றால் சோம்பல் முறிக்கிறான் என்று அர்த்தம். அப்படி வருஷக்கணக்கில் ஓடிய படகின் வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

பிறகு நெரோலின் வந்தாள்.

அவள் மலைட்டா தீவுக்காரி, அங்கே காயலுக்குள்ளேயே கல்லடுக்கித் தீவு கட்டி வாழ்கிறவர்களின் வம்சம். பாடகர் போட்டிக்காக முண்டாவுக்கு வந்த ஒரு குழுவில் அவளும் இருந்தாள். அந்தக் குழுவை ஊர் ஊராக ஏற்றிப்போனவன் நாகூம். போட்டியில் அவர்கள் தோற்றார்கள், நாகூம் ஜெயித்தான். அடுத்த ஆண்டு கல்யாணம்.

அவளுடைய கண்ணைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. ஆமை தலை தூக்கலாமா என்று யோசிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். நானே பார்த்திருக்கிறேன்: நான் உட்காரப்போன பலகையில் தூண்டில் முள் கிடப்பதை அவள் கரையிலிருந்து சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். ஆறு வயதிலிருந்தே அவளுடைய அப்பா அவளை அணியத்தில்தான் உட்கார வைப்பாராம். ஆகவே புருஷன் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பாத்திரம் கேட்கவில்லை, தனி அறை கேட்கவில்லை. அந்தப் பலகையைக் கேட்டாள்.

"பொண்டாட்டிங்க நடுவுலதான் உக்காருவாங்க," என்று நாகூம் சொல்லிப் பார்த்தான்.

"நடுவுல மூட்டை உக்காரும். மூட்டையோட மூட்டையா வர்றதுக்கா நான் இவ்வளவு கடல் தாண்டி வந்தேன்? உன் தம்பிய எழுப்பி அங்க போடு. அவனுக்கு எங்க படுத்தாலும் ஒண்ணுதான்."

பிட்டுவுக்கு ஆட்சேபணை இல்லை. நடுவில் மூட்டைகள் இருந்ததால் தலையணை வசதி.

முதல் பயணத்திலேயே இடித்தது.

பெரிய இடி இல்லை. அடிவயிற்றில் ஓர் உரசல், எஞ்சின் ஒரு முறை துள்ளிவிட்டு அடங்கியது. நாகூம் அது கல்லின் தவறு என்றான். இரண்டாவது தடவை அதே வாரத்தில், வேறொரு கல்லில். மூன்றாவது தடவை படகு ஒரு கல்லின்மேல் ஏறி உட்கார்ந்தே விட்டது. கடல் ஏறும்வரை நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாத் தடவையும் நெரோலின் கல்லைப் பார்த்தாள். முன்கூட்டியே பார்த்தாள். கையும் சரியாகக் காட்டினாள். கல் வலப்பக்கம் என்றால் இடக்கையை இடப்பக்கம் நீட்டினாள், அந்தப் பக்கம் போ என்று. நாகூமும் கையைப் பார்த்தான். படகு மட்டும் நேராகக் கல்லிடம் போனது, ரொம்ப நாள் பார்க்காத உறவினரிடம் போவதுபோல.

ஊர் சும்மா இருக்குமா? மலைட்டாவில் கல்லடுக்கித் தீவு கட்டுகிறவர்களின் பெண் அல்லவா, இங்கேயும் தீவு கட்டக் கல் சேர்க்கிறாள் என்றார்கள். சந்தையில் அவளைக் கண்டால் பெண்கள் தங்கள் கூடையை நகர்த்திக்கொண்டு, "வழி விடுங்கடி, மோதிடப் போறா," என்பார்கள். நெரோலின் அவர்களை முறைப்பாள். முறைக்கிற வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாவது மோதலில்தான் விஷயம் முற்றியது. அன்று படகில் இருந்தவர் மாமா வினியா. ஊர்த் தேவாலயத்தின் பெண்கள் சங்கத் தலைவி. எங்கள் பக்கம் மாமா என்றால் அம்மா, அந்தப் பட்டம் அவருக்குப் பிள்ளை பெற்றதால் வந்ததல்ல, குரலால் வந்தது. அவர் மடியில் ஒரு தட்டு நிறையக் கிழங்கு மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சுட்ட களி இருந்தது. இடித்த வேகத்தில் அது முழுவதும் என் முதுகில் வந்து சேர்ந்தது.

தண்ணீரில் நின்றபடியே அவர் தீர்ப்புச் சொன்னார். "அடுத்த மாசம் சங்கத்து மாநாடு. எல்லாரும் வெள்ளை உடுப்புல போறோம். கல்வாயைத் தாண்டித்தான் போகணும். வேற படகு கெடைக்கல, இதுலதான் போயாகணும். நெரோலின், நல்லாக் கேட்டுக்கோ. அன்னிக்கு ஒரே ஒரு இடி இடிச்சுதுன்னா, திரும்பி வர்றப்போ நீ கிழங்கு மூட்டையோட நடுவுல. அன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்கும்."

"அப்போ முன்னால?"

"பிட்டு."

பிட்டு, தண்ணீரில் நின்றபடியே கொட்டாவி விட்டான்.

கல்வாய் என்பது காயலிலிருந்து வெளிக்கடலுக்குப் போகும் குறுகலான வழி. இரண்டு பக்கமும் கல், நடுவிலும் கல். ஆக நெரோலினின் பலகைக்கு ஒரு மாதம் தவணை. அவள் அழவில்லை. அன்று மாலை என் சட்டையை வாங்கிக் களியைத் துவைத்துக் கொடுத்துவிட்டு, "டீச்சர், எல்லாரும் உங்களப் படிச்சவருன்னு சொல்றாங்க. என் கை பொய் சொல்லுதா, சொல்லுங்க," என்றாள்.

கையில் பொய் இல்லை என்பது எனக்கு அடுத்த பயணத்தில்தான் தெரிந்தது. முன்னால் பார்ப்பதை விட்டுவிட்டு நான் பயணிகளைப் பார்த்தேன். நெரோலினின் பெரிய சுருட்டைமுடித் தலையில் சிவப்புச் செம்பருத்தி செருகியிருந்தது. திடீரென்று அந்தத் தலை வலப்பக்கம் வெட்டித் திரும்பியது. கல்லைக் கண்டுவிட்டாள். அதே கணம் படகில் இருந்த அத்தனை தலைகளும் வலப்பக்கம் திரும்பின. கிழவிகள் திரும்பினார்கள். மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை பாலை விட்டுவிட்டுத் திரும்பியது. கடைசியில் நாகூமின் தலையும் திரும்பியது. இதற்குப் பிறகுதான் அவளுடைய இடக்கை இடப்பக்கம் நீண்டது. அதற்குள் படகின் மூக்கு வலப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. அன்று மயிரிழையில் தப்பினோம்.

இது நடக்கிற காரியம்தான் என்று நான் படித்திருக்கிறேன். எங்கெங்கோ பல்கலைக்கழகங்களில் ஆட்களை இருட்டறையில் உட்கார வைத்துத் திரையில் ஒரு முகத்தைக் காட்டுகிறார்கள். முகத்தின் கண்கள் ஒரு பக்கம் திரும்பும். பிறகு எங்காவது ஒரு புள்ளி தோன்றும். கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். கண் பார்த்த பக்கமே புள்ளி வந்தால் மனிதர்கள் சீக்கிரம் அழுத்துகிறார்கள், எதிர்ப்பக்கம் வந்தால் தாமதிக்கிறார்கள். வேடிக்கை அதில் இல்லை. 'இந்த முகத்தை நம்பாதே, புள்ளி பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் வரும்' என்று முன்னதாகவே சொல்லிவிட்டாலும் மனம் முதலில் அந்தக் கண் போன பக்கம் ஓடிவிட்டுத்தான் பிறகு திரும்பி வருகிறது. அம்புக்குறி போட்டாலும் கிட்டத்தட்ட இதே கதை. மூளை உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. இன்னொருவர் எதையோ பார்க்கிறார் என்றால் அதில் நமக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறது, கறி பங்கிடும் இடத்தில் நிற்கிற ஆளைப்போல.

படகில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எதைப் பார்க்கிறோமோ அதை நோக்கியே கை திருப்பும். சைக்கிள் கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும், அகலமான மைதானத்தில் ஒரே ஒரு மரம் இருந்தால் எதில் போய் முட்டுவோம் என்று. ஆக, நெரோலின் கல்லைப் பார்த்தாள். நாகூமின் கண் அவள் தலையைத் தொடர்ந்தது. கை கண்ணைத் தொடர்ந்தது. படகு கையைத் தொடர்ந்தது. பிட்டு தூங்கிய காலத்தில் நாகூமுக்குத் தொடர்வதற்கு ஒரு தலை இல்லை, அதனால் எழுந்து நின்று கடலைப் பார்த்து ஓட்டினான். உலகத்திலேயே நல்ல காவல்காரன் தூங்குகிற காவல்காரன்தான் என்று ஆகிவிடும் போலிருந்தது. இந்த முடிவை நான் பிட்டுவிடம் சொல்லவில்லை.

நாகூமிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு முகம் வரைந்தேன். கண் இருக்கும் இடத்தில் துளை போட்டு, பின்னால் நகர்த்தக்கூடிய இரண்டு கரும்புள்ளிகள். அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை நகர்த்திவிட்டு, ஏதாவது ஒரு பக்கம் விரலை நீட்டுவேன். நீட்டின விரலை அவன் தட்ட வேண்டும்.

"இந்த மூஞ்சி பொய் சொல்லும் நாகூம். கண்ணு போற பக்கம் விரல் வராது. எதிர்ப்பக்கம்தான் வரும்."

"சரி டீச்சர். தெரியும்."

கண் இடப்பக்கம் போனது. விரல் வலப்பக்கம். நாகூம் இடப்பக்கம் காற்றை அறைந்தான்.

"தெரியும்னியே?"

"எனக்குத் தெரியும் டீச்சர். என் கண்ணுக்குத் தெரியல." பத்து தடவை முயன்றான். தட்டினான்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் ஏமாந்து, பிறகு ஓடிப்போய்த் தட்டினான். கடைசியில் அட்டையைப் பார்த்துக் கோபப்பட்டான். "மூஞ்சியப் பாரு. என் பொண்டாட்டி மாதிரியே இருக்கு."

"நான் இவ்வளவு அழகா இருந்தா உனக்கு ஏன் வாக்கப்படறேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. காரணம் தெரிந்தால் வைத்தியம் தானாக வரும் என்று நம்புவது படித்தவர்களுக்கு வரும் ஒரு நோய், எனக்கும் இருந்தது. "அவ தலையப் பாக்காதே, கையை மட்டும் பாரு," என்று நாகூமுக்குச் சொன்னேன். அட்டைமுகத்தைப் பார்க்காதே என்று சொல்லி என்ன ஆனது என்பதைக் கண்ணால் கண்ட பிறகும் சொன்னேன். மறுநாளே இடித்தது.

அடுத்த யோசனை நெரோலினுடையது. தலைதானே பிரச்சினை? ஒரு பெரிய துவாலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியவில்லை. கொஞ்ச தூரம் அற்புதமாகப் போனது. பிறகு காற்று துவாலையைப் பிடுங்கிக்கொண்டு போனது. அது பறந்த பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது, படகும் பாதி திரும்பியது.

"இன்னும் ரெண்டு வாரம்தான்," என்றாள் அவள், துவாலையைப் பிழிந்துகொண்டே. "நடுவுல உக்காந்தா எனக்கு வாந்தி வரும் டீச்சர். வாந்திகூடப் பரவாயில்ல. மாமா வினியா பக்கத்துல உக்காந்து வாந்தி எடுக்கணுமே, அதான்."

வழி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில். ஆராதனை முடிந்து நாகூம் வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். சுடுகல் அடுப்பில் வெந்த மீன், கிழங்கு, தேங்காய்ப்பாலில் கீரை. நாகூமின் அப்பா சக்கரியா ஒரு மூலையில் புகைக்குழாயோடு இருந்தார். நெரோலின் பிறந்த ஊரில் மருமகள் மாமனாரின் முகத்தை நேராகப் பார்க்கக் கூடாது. அந்த உறவுக்கு டம்பு என்று பெயர். அவ்வளவு மரியாதை, அவ்வளவு தூரம். இங்கே அந்த வழக்கம் தளர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. கிழவரே, "என் மூஞ்சி என்ன அவ்வளவு மோசமா?" என்று கேட்டிருக்கிறார். ஆனால் அவள் விட்டதில்லை. ஊரையே முறைக்கிறவள் அவர் ஒருவரைப் பார்க்க மாட்டாள்.

அன்று அவள் என்னைப் பார்த்து ஏதோ பேசியபடியே மீன் தட்டைக் கொண்டுவந்தாள். பேச்சு நிற்கவில்லை, முகம் என்னைவிட்டு அகலவில்லை. தட்டு மட்டும் கிழவரின் கைக்கு எட்டும் இடத்தில் இறங்கியது. அவர் கால் நீட்டியிருந்தார், அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்தாள். அவர் மடியிலிருந்து புகைக்குழாய் நழுவியது. அது தரையைத் தொடுமுன் அவள் கை அங்கே இருந்தது. எடுத்துப் பாயில் வைத்தாள். கண் இன்னும் என்மேல்தான்.

"குழாய் விழுந்ததப் பாத்தியா?" என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? தெரிஞ்சுது."

"ஊர்ல உள்ள கல்லையெல்லாம் உத்து உத்துப் பாக்கறா," என்றான் நாகூம் வாய் நிறைய மீனோடு. "எங்கப்பாவ மட்டும் பாக்காமலே பாத்துடறா."

படுத்திருந்த பிட்டு ஒரு கண்ணைத் திறந்தான். "கல்லையும் எங்கப்பான்னு நெனச்சுக்கயேன் அண்ணி. வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்ல. ரெண்டும் அசையாது."

எல்லோரும் சிரித்தார்கள், கிழவர் உட்பட. நெரோலின் சிரிக்கவில்லை. கையில் கீரைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிட்டு தன் வாழ்நாளில் படகுக்குச் செய்த ஒரே வேலை அது, அதையும் படுத்துக்கொண்டே செய்தான்.

பார்வை ஓரிடம், கவனம் ஓரிடம் என்று வைக்க மூளைக்கு முடியும். கண்ணை நகர்த்தாமலே ஓரத்தில் இருப்பதன்மேல் மனத்தைக் குவிக்கலாம். பரீட்சை அறையில் மாணவர்கள் எனக்கு இதைத் தினமும் நிரூபிக்கிறார்கள். நெரோலினுக்கு மாமனார் விஷயத்தில் கல்யாணத்தன்றே வந்துவிட்ட கலை அது. கடல் விஷயத்தில் மட்டும் வரவில்லை. பயப்படுகிற பொருளைப் பார்க்காமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை. மாமனார்மேல் மரியாதை இருந்தது. கல்மேல் வெறும் பயம்தான் இருந்தது.

பழக ஆரம்பித்தாள். தினமும் காலையில் நாகூமும் அவளும் காலிப் படகை எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கே போக வேண்டுமோ அந்த வெறுந்தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். கல் கண்ணோரத்தில் வந்து நிற்கும், நிற்கட்டும். மரியாதையாக ஒதுங்கிப் போக வேண்டும். முதல் நாட்களில் கழுத்து தானாகத் திரும்பிவிடும், படகும் போய் உரசும். திரும்பி வரும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டே வருவாள். கரையில் சந்தைப் பெண்கள், "இன்னிக்கு எத்தன மாமனாரப் பாத்தே?" என்று கேட்பார்கள். பிட்டு ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான்.

"ஒருத்தரத்தான். அவர் மேலயும் லேசாதான் பட்டுது," என்பாள்.

மாநாட்டு நாள் வந்தது. வெள்ளை உடுப்பில், நீலப் பட்டியோடு, பெண்கள் ஏறினார்கள். என் மனைவி பாடகர் குழுவில் இருந்ததால் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. சக்கரியாவும் வந்தார். அவருக்கு மாநாட்டில் வேலை எதுவும் இல்லை. "நம்ம குடும்பத்துப் படகு மூழ்கறப்ப நான் வீட்ல இருந்தா நல்லா இருக்காது," என்றார். மாமா வினியா படகின் நடுவில் அமர்ந்து, பக்கத்தில் ஒரு கிழங்கு மூட்டையைத் தட்டி வைத்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மெத்துனு இருக்கு நெரோலின்," என்றார்.

நெரோலின் அணியத்தில் ஏறினாள். காதில் செம்பருத்தி.

காயல் முழுவதும் பாடிக்கொண்டே போனார்கள். கல்வாய் நெருங்கியதும் பாட்டு ஒவ்வொரு குரலாக உதிர்ந்து நின்றது. கடல் வற்றியிருந்தது. தண்ணீருக்கடியில் பழுப்பு நிழல்கள், எந்தப் பக்கம் பார்த்தாலும். நெரோலினின் தலை ஆடவில்லை. அது திரும்பியபோதெல்லாம் மெதுவாக, வெறும் நீலத் தண்ணீரின் பக்கம் திரும்பியது. எங்கள் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. படகும் திரும்பியது. நிழல்கள் இரண்டு பக்கமும் வழிவிட்டு நகர்ந்தன. அவளுடைய பின்கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பாதி வழி தாண்டியிருப்போம். அப்போது வலப்பக்கம் ஒரு மரக்கட்டை எழும்பியது. மரம் வெட்டும் காட்டிலிருந்து அடித்துவந்த முழு மரம், பாதி மூழ்கி, கரிய முதுகோடு.

நெரோலின் அதைப் பார்த்திருப்பாள். அவள் தலை அசையவில்லை, கை இடப்பக்கம் நீண்டது. ஆனால் மாமா வினியாவும் பார்த்துவிட்டார். "ஐயோ கட்டை!" என்று கத்தினார். படகில் இருந்த அத்தனை பெண்களும் ஒன்றாக வலப்பக்கம் திரும்பினார்கள். முன்னால் அசையாத ஒரு தலை, நடுவில் ஒரே பக்கம் திரும்பிய இருபது தலைகள். நான் நாகூமைப் பார்த்தேன். அவன் கண் கட்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மூக்கு சாய்ந்தது.

நெரோலின் எழுந்தாள். கட்டைக்கும் கல்லுக்கும் கடலுக்கும் மொத்தமாக முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அணியத்தில் இருப்பவர்கள் அப்படிச் செய்வதே இல்லை.

"நாகூம்!"

எஞ்சின் இரைச்சலையும் தாண்டி அது கேட்டது. நாகூம் அவளைப் பார்த்தான். அவள் அவன் கண்ணை நேராகப் பிடித்தாள், ஊரே பயப்படும் அந்த முறைப்பால். பிடித்த கண்ணை அப்படியே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள், உதட்டையும் அந்தப் பக்கம் குவித்து நீட்டினாள். எங்கள் ஊரில் உப்பு எங்கே என்று கேட்டால் உதட்டால்தான் காட்டுவோம். அவள் இப்போது உப்பைக் காட்டுவதுபோலத்தான் காட்டினாள்.

நாகூமின் கண் போனது. கை போனது. படகு போனது. கட்டை எங்கள் வலப்பக்கமாக ஒரு முழம் தள்ளிக் கடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு நண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தது.

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. மாமா வினியா தன் கண்களையே கையால் பொத்திக்கொண்டார். "நான் எதையும் பாக்கல. நீங்களும் பாக்காதீங்கடி," என்றார் மற்றவர்களிடம்.

கல்வாய் முடிந்தது. தெளிந்த கடல். எதிர்க்கரையில் மாநாட்டுக்குக் கட்டிய பந்தல், வரவேற்கும் கூட்டம், சங்கொலி. பெண்கள் மறுபடியும் பாட ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை பயமே இல்லாத குரலில். நாகூம் எஞ்சினை நிறுத்தித் தூக்கினான். படகு தானாக வழுக்கிக்கொண்டு கரையை நெருங்கியது.

கரையோரம் ஒரு கல் இருந்தது. இடுப்பளவு உயரம், வெளியே தெரிகிற கல், துணி துவைப்பதற்காகவே கடவுள் வைத்ததுபோல. நெரோலின் பெருமூச்சு விட்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பார்வை முழுவதையும் திருப்பி, அந்தக் கல்லை ஆசைதீரப் பார்த்தாள்.

நாகூமின் கையில் துடுப்பு இருந்தது. அவனும் பார்த்தான்.

தடக்.

பாட்டு நின்றது. கரையில் சங்கு ஊதியவரும் நிறுத்தினார். எல்லோரும் மாமா வினியாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணிலிருந்து கையை எடுத்தார். கல்லைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், தன் வெள்ளை உடுப்பைப் பார்த்தார். அதில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

"ஒரே ஒரு இடின்னு சொன்னீங்க," என்றாள் நெரோலின் மெல்ல. அவளே சொன்னாள்.

"எஞ்சின் ஓடிட்டு இருந்துதா?" என்று கேட்டார் மாமா வினியா.

"இல்ல மாமா," என்றான் நாகூம் அவசரமாக.

"எஞ்சின் நின்ன பெறகு முட்டினா அதுக்குப் பேரு இடி இல்ல. வந்து சேர்றது." இதைச் சொல்லிவிட்டு அவர் கிழங்கு மூட்டையைக் காலால் ஒதுக்கினார். "இதக் கொண்டுபோய்ச் சமையல்ல குடுங்க. திரும்பறப்போ எடம் அடைக்க வேண்டாம்."

நெரோலின் பலகையை ஒரு முறை உள்ளங்கையால் தடவிக்கொடுத்தாள், நாயைத் தடவுவதுபோல.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் சக்கரியா. அவர் முழங்கால் மடங்காதவர், படகிலிருந்து இறங்கத் தடுமாறுவார். "கடல்ல இருக்கற கல்லெல்லாம் என் சொந்தக்காரனாம். எனக்கு இப்பத்தான் தெரியுது எவ்வளவு பெரிய குடும்பம்னு," என்று முனகிக்கொண்டே காலைத் தூக்கினார். அவர் சாயும் இடத்தில், சாயும் நேரத்தில், நெரோலினின் கை இருந்தது. அதைப் பிடித்து அவர் இறங்கினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. முகத்தை மரியாதையாக வேறு பக்கம், அந்தத் துணி துவைக்கும் கல்லின் பக்கம், வைத்திருந்தாள்.

அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் திரும்பி அந்தக் கல்லைப் பார்த்தோம்.